ஒளித்திரான்சிற்றர் ஏன் பிந்துகிறது? அதை எவ்வாறு விரைவுபடுத்தலாம்?

க.பொ.த. உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் கற்கும் மாணவி ஒருவர், பரந்தனில் உள்ள அரிசி ஆலையொன்றின் மோட்டர் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதை அளக்கும் சிறு கருவியொன்றைச் செயற்றிட்டமாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டரின் அச்சில் வட்டத் தட்டொன்றைப் பொருத்தி, அதன் விளிம்பைச் சுற்றிச் சம இடைவெளியில் 60 வெட்டுகளை இடுகிறார். தட்டின் ஒரு பக்கத்தில் செங்கீழ்க் கதிரை உமிழும் எல்.இ.டி. இருக்கிறது, மறுபக்கத்தில் ஒளி விழும்போது மின்னோட்டத்தைப் பாயவிடும் உறுப்பான ஒளித்திரான்சிற்றர் இருக்கிறது. வெட்டு நேரே வரும்போது ஒளி ஊடுருவுகிறது, பல் வரும்போது மறைகிறது. அந்த மாற்றங்களை, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ எண்ணுகிறது. வெட்டுகளை 60 ஆக வைத்ததில் ஒரு வசதி உண்டு: ஒரு செக்கனில் எண்ணப்படும் துடிப்புகளின் தொகையே நிமிடத்துக்கான சுழற்சி எண்ணிக்கையாகிவிடும். தட்டைக் கையால் சுழற்றும்போது கருவி பிழையின்றி எண்ணுகிறது. ஆனால், மோட்டரை இயக்கி அது முழு வேகத்தை அடைந்தவுடன் எண்ணிக்கை தாறுமாறாகிறது, சில வேளைகளில் பூச்சியமாகவும் நின்றுவிடுகிறது.

இந்நிலையில் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் நிரலையே சந்தேகிப்பார்கள். நிரலில் பிழை இல்லாமலும் இது நிகழலாம். ஒளி வந்து போகும் வேகத்துக்கு ஒளித்திரான்சிற்றரின் வெளியீடு ஈடுகொடுக்காமற் போவதே இதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தப் பிந்துகை எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டால், அதைக் குறைக்கும் வழிகளை எவரும் மனனம் செய்ய வேண்டியதில்லை; அவை தாமாகவே புலப்படும்.

சாதாரண திரான்சிற்றருக்கு மூன்று முனைகள் உண்டு: அடி, காலி, சேகரிப்பான். கடைகளிலும் பட்டறைகளிலும் இவற்றையே பேஸ், எமிற்றர், கலெக்ரர் என்று சொல்கிறார்கள். அடிக்குள் செலுத்தப்படும் சிறு மின்னோட்டம், சேகரிப்பானிலிருந்து காலிக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆளுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான விகிதமே ஓட்ட நயம்; இதைப் பீற்றா என்று குறிப்பர். ஒளித்திரான்சிற்றரில் அடிக்கு வழக்கமாக வெளிக்கம்பி இருக்காது. தெளிந்த உறையினூடாக வரும் ஒளி, சேகரிப்பானுக்கும் அடிக்கும் இடையிலான சந்தியில் விழுந்து இலத்திரன்களையும் துளைகளையும் பிரிக்கிறது. அவ்வாறு உருவாகும் மிகச் சிறிய ஒளிமின்னோட்டமே அடி மின்னோட்டமாகச் செயற்படுகிறது. சுருக்கமாகச் சொன்னால், ஓர் ஒளி இருவாயியும் அதன் மின்னோட்டத்தைப் பல நூறு மடங்காக்கும் ஒரு திரான்சிற்றரும் ஒரே சிலிக்கன் துண்டுக்குள் அமைந்திருக்கின்றன. 1948 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் ஷைவ் இதை உருவாக்கினார். 1950 இல் இது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. விலை குறைந்ததாகவும், சைகையைப் பெரிதாக்கும் விரியலாக்கி வேறு இல்லாமலே மைக்ரோகன்ட்ரோலரை இயக்கக்கூடிய அளவுக்கு வலிய சைகையைத் தருவதாகவும் இருப்பதால், பழைய பந்து மவுஸ் முதல் பிரிண்டர் வரை பல கருவிகளில் இதைக் காணலாம்.

பிந்துகையின் மூலத்தை அறிய, மின்னேற்றத்துக்குக் (சுருக்கமாக, ஏற்றத்துக்கு) கணக்குப் பார்க்க வேண்டும். நாம் வழக்கமாகக் கட்டும் சுற்றில், 5 வோல்ற்று வழங்கலிலிருந்து ஒரு தடையி சேகரிப்பானுக்கு வருகிறது. காலி பூச்சிய வோல்ற்றுக் கம்பியுடன் இணைகிறது. சேகரிப்பானிலிருந்து வெளியீட்டை எடுக்கிறோம். இருளில் மின்னோட்டம் இல்லை, ஆகவே வெளியீடு 5 வோல்ற்று. ஒளி விழுந்தால் மின்னோட்டம் பாய்ந்து, தடையியில் வோல்ற்றளவு இறங்கி, வெளியீடு பூச்சியத்தை நோக்கிச் செல்கிறது. இவ்வாறு சேகரிப்பானின் வோல்ற்றளவு மாறும்போது, சேகரிப்பானுக்கும் அடிக்கும் இடையிலான சந்தியின் வோல்ற்றளவும் அதே அளவுக்கு மாறுகிறது. அந்தச் சந்தி, ஏற்றத்தைச் சேமித்துவைக்கும் உறுப்பான கொள்ளளவியைப் போலவும் சிறிய அளவில் நடந்துகொள்ளும். கொள்ளளவியின் வோல்ற்றளவு மாற வேண்டுமாயின் அதற்கு ஏற்றம் கொடுக்கப்பட வேண்டும் அல்லது அதிலிருந்து எடுக்கப்பட வேண்டும். சேகரிப்பான் பக்கத்தில் பெரிய மின்னோட்டம் இருக்கிறது. அப்பக்கம் சிக்கல் இல்லை. மறுபக்கமான அடியிலோ வெளிக்கம்பியே இல்லை. அங்கே கிடைப்பதெல்லாம் ஒளி உண்டாக்கிய அந்தச் சிறிய மின்னோட்டம் மட்டுமே.

இனிக் கணக்கு எளிது. சேகரிப்பான் மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வெளியீட்டு வோல்ற்றளவின் மாற்றம் கிடைக்கும். அதைச் சந்தியின் கொள்ளளவத்தால் பெருக்கினால் தேவையான ஏற்றம் கிடைக்கும். அந்த ஏற்றத்தைத் தரும் ஒளிமின்னோட்டமோ, சேகரிப்பான் மின்னோட்டத்தைப் பீற்றாவால் வகுத்தால் வருவது. தேவையான ஏற்றத்தைக் கிடைக்கும் மின்னோட்டத்தால் வகுத்தால் நேரம் வரும். வகுக்கும்போது சேகரிப்பான் மின்னோட்டம் மேலும் கீழும் ஒன்றையொன்று நீக்கிவிட, எஞ்சுவது இதுதான்:

நேர மாறிலி = பீற்றா × தடை × சந்திக் கொள்ளளவம்

ஒளி மறையும்போதும் இதே கணக்குத்தான் பொருந்தும். அப்போது ஒளிமின்னோட்டம் நின்றுவிடுவதால், அடியில் உள்ள ஏற்றம் வெளியேற வேறு வழியின்றிக் காலிச் சந்தியினூடாக மெதுவாகக் கரைய வேண்டியிருக்கிறது. அம்மின்னோட்டமும் சேகரிப்பான் மின்னோட்டத்தின் பீற்றாவில் ஒரு பங்குதான்.

இந்தச் சமன்பாட்டில் பீற்றா இருப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சாதாரண தடையி–கொள்ளளவிச் சுற்றில் நேர மாறிலி தடையும் கொள்ளளவமும் மட்டுமே. இங்கே அது பல நூறு மடங்காகிறது. குளத்துத் துருசின் கதவு பெரியதாயினும் அதன் திருகை ஒருவர் தனியே சுற்றித் திறந்துவிடலாம். ஆனால் கைவலுவைப் பன்மடங்காக்கும் அதே திருகு, கதவு ஓர் அங்குலம் எழும்பப் பல சுற்றுகளைக் கேட்கும். ஒளித்திரான்சிற்றரில் நயத்துக்கும் நேரத்துக்கும் இடையிலான உறவு இத்தகையதே. ஒரு திரான்சிற்றர் இன்னொன்றை இயக்கும் டார்லிங்டன் வகை ஒளித்திரான்சிற்றர்கள் மிக மங்கிய ஒளியையும் உணர்ந்தாலும், சாதாரண வகையைவிடப் பல மடங்கு மந்தமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அரிசி ஆலைக்குத் திரும்புவோம். இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், நான்கு முனைவுகள் கொண்ட தூண்டல் மோட்டர் சுமையுடன் ஏறத்தாழ நிமிடத்துக்கு 1440 முறை சுழலும். 60 வெட்டுகள் உள்ள தட்டு ஒரு செக்கனுக்கு 1440 துடிப்புகளைத் தரும். ஒரு துடிப்பின் முழுக்காலம் 694 மைக்ரோசெக்கன். ஒளி இருக்கும் அரைக்காலம் 347 மைக்ரோசெக்கன். பீற்றா 500 எனவும், சந்திக் கொள்ளளவம் 10 பிக்கோபரட் எனவும் கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்த, நடைமுறைக்கு ஒத்த பெறுமானங்கள். மாணவி 100 கிலோஓம் தடையியைப் பயன்படுத்தியிருந்தால் நேர மாறிலி 500 மைக்ரோசெக்கன். அதாவது, வெளியீடு தன் பயணத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கடக்கவே 500 மைக்ரோசெக்கன் வேண்டும். கிடைப்பதோ 347 மட்டுமே. வெளியீடு கீழே சென்று சேருமுன் ஒளி மறைந்துவிடுகிறது. மேலே வந்து சேருமுன் ஒளி மீண்டும் வந்துவிடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 0 இற்கும் 5 இற்கும் இடையில் ஆட வேண்டிய வோல்ற்றளவு 1.67 இற்கும் 3.33 இற்கும் இடையில் மட்டும் ஆடும். ஆர்டுயினோ உனோவில் உள்ள மைக்ரோகன்ட்ரோலர், 5 வோல்ற்று வழங்கலில், 1.5 வோல்ற்றுக்குக் கீழ்ப்பட்டதைத்தான் தாழ்நிலை என்று உறுதியாக ஏற்கும்; 3 வோல்ற்றுக்கு மேற்பட்டதை உயர்நிலை என்று உறுதியாக ஏற்கும். 1.67 என்பது தாழ்நிலை என்று உறுதியளிக்கப்பட்ட எல்லைக்குள் வரவில்லை. ஆகவே சில துடிப்புகள் எண்ணப்படும், சில தவறும்; ஒளி சற்று மங்கினால் எதுவுமே எண்ணப்படாது. கையால் சுழற்றியபோது ஒவ்வொரு துடிப்புக்கும் போதிய நேரம் இருந்ததால் குறை வெளிப்படவில்லை.

அதே சுற்றில் 100 கிலோஓமை எடுத்துவிட்டு 10 கிலோஓமைப் போட்டால், நேர மாறிலி 50 மைக்ரோசெக்கனாகச் சுருங்கும். 347 மைக்ரோசெக்கன் அதன் ஏழு மடங்கு. வெளியீடு ஏறத்தாழ முழுத் தூரமும் சென்று திரும்பும். ஒரு தடையியை மாற்றியதாலேயே கருவி சரியாகிவிடும்.

தரவுத்தாளை வாசிக்கும்போது ஏற்படும் ஒரு மயக்கத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். பி.சி.817 என்பது எல்.இ.டி.யும் ஒளித்திரான்சிற்றரும் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்ட ஒளியிணைப்பி. கைவிடப்பட்ட பல மின்வழங்கிப் பலகைகளிலிருந்து இதைக் கழற்றி எடுக்கலாம். இதன் தரவுத்தாளில் எழும் நேரம் வழக்கமாக 4 மைக்ரோசெக்கன் என்று இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு, செக்கனுக்கு 9600 பிற் வேகத்தில் அனுப்பப்படும் தொடர்த் தரவு இதனூடாக இலகுவாகச் செல்லும் என்று நினைப்பது இயல்பே. அவ்வேகத்தில் ஒரு பிற்றின் காலம் 104 மைக்ரோசெக்கன் அல்லவா. ஆனால், அந்த 4 மைக்ரோசெக்கன் அளக்கப்பட்ட நிபந்தனை அதே வரியில் தரப்பட்டுள்ளது: சேகரிப்பான் மின்னோட்டம் 2 மில்லிஅம்பியர், தடை 100 ஓம். நாம் பிரெட்போர்டில் செருகுவதோ 10 கிலோஓம், அதாவது அதன் நூறு மடங்கு. நமது எடுத்துக்காட்டுப் பெறுமானங்களின்படி, 50 மைக்ரோசெக்கன் நேர மாறிலி உள்ள சுற்று 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குச் செல்ல, நேர மாறிலியின் 2.2 மடங்கான 110 மைக்ரோசெக்கன் எடுக்கும். அதற்குள் ஒரு பிற் முடிந்துவிடும். ஆகவே தரவுத்தாளில் நேரத்தைப் பார்க்கும்போது, பக்கத்தில் உள்ள தடையின் பெறுமானத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

தடையைக் குறைப்பதற்கு ஒரு விலை உண்டு. 100 கிலோஓமில் 5 வோல்ற்று இறங்க 50 மைக்ரோஅம்பியர் போதும். 10 கிலோஓமுக்கு 500 மைக்ரோஅம்பியர் வேண்டும்; 1 கிலோஓமுக்கு 5 மில்லிஅம்பியர் வேண்டும். ஆகவே தடையைக் குறைத்த அளவுக்கு ஒளியைக் கூட்ட வேண்டும். செங்கீழ்க் கதிர் எல்.இ.டி.யில் ஏறத்தாழ 1.2 வோல்ற்று இறங்கும். 5 வோல்ற்று வழங்கலில் 330 ஓம் தடையி இட்டால் 11.5 மில்லிஅம்பியர் பாயும், 180 ஓம் இட்டால் 21 மில்லிஅம்பியர் பாயும். எல்.இ.டி.யின் தரவுத்தாள் அனுமதிக்கும் எல்லைக்குள் இவ்வாறு கூட்டலாம். கூட்டும்போது ஆர்டுயினோவின் முனையிலிருந்து நேரடியாக எடுக்காமல் வழங்கற் கம்பியிலிருந்து எடுப்பது பலகைக்குப் பாதுகாப்பானது. எல்.இ.டி.யையும் ஒளித்திரான்சிற்றரையும் ஒன்றையொன்று நெருக்கி, ஒரே நேர்கோட்டில் சரியாக நிறுத்துவது இன்னும் சிறந்தது, செலவில்லாததும் கூட. விரைவான சுற்று வேண்டுமென்றால் முதலில் ஒளியைச் சேமிக்கப் பார்க்கக் கூடாது என்பதே எனது நிலைப்பாடு.

ஆயினும் ஒளி அளவுக்கு மிஞ்சினால் வேறொரு தொல்லை வரும். சேகரிப்பானின் வோல்ற்றளவு ஏறத்தாழப் பூச்சியத்தைத் தொட்ட பின்னும் ஒளி மேலும் மேலும் அடிக்குள் ஏற்றத்தைத் திணித்துக்கொண்டிருந்தால், திரான்சிற்றர் நிரம்பல் நிலைக்குப் போகிறது. தேவைக்கு மேற்பட்ட ஏற்றம் அடியில் தேங்கி நிற்பதால், ஒளி மறைந்த பின்னும் அது கரையும் வரை வெளியீடு அசையாமல் கீழேயே கிடக்கும். அதன் பின்னரே ஏறத் தொடங்கும். இறங்கும் விளிம்பு கூர்மையாகவும் ஏறும் விளிம்பு பிந்தியும் தெரிந்தால், நிரம்பலையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வன்னியில் இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் வெயிலே காரணமாகும். ஒளித்திரான்சிற்றரின் தரவுத்தாள்கள் பலவற்றில் சோதனை ஒளி ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 மில்லிவாற்று. உச்சி வெயிலில் வெட்டவெளியில் விழும் சூரிய ஒளி, எல்லா அலைநீளங்களையும் சேர்த்து, அதன் ஏறத்தாழ 100 மடங்கு. அதில் கணிசமான பங்கு செங்கீழ்க் கதிராகவே இருக்கிறது. திறந்த கொட்டகையில் நிற்கும் சூடடிக்கும் இயந்திரத்தில் உணரியைப் பொருத்தினால், எல்.இ.டி.யின் ஒளி வந்தாலும் மறைந்தாலும் திரான்சிற்றர் நிரம்பியே கிடக்கும். இதற்கு மின்னணுவியல் தீர்வைவிட எளிய தீர்வு நல்லது: ஒளித்திரான்சிற்றரை ஒரு கறுப்புக் குழாய்க்குள் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தி, எல்.இ.டி. இருக்கும் திசையைத் தவிர வேறெங்கிருந்தும் ஒளி வராமல் மறைக்க வேண்டும். ஆலைக்குள் எரியும் விளக்குகளுக்கும் இது உதவும். 50 ஹேர்ட்ஸ் மின்னில் எரியும் பல விளக்குகள் செக்கனுக்கு 100 முறை ஒளி கூடிக் குறைபவை, அதையும் உணரி துடிப்பாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

தடையியைச் சேகரிப்பானில் வைக்காமல் காலியின் பக்கம் வைத்தால் சுற்று விரைவாகும் என்றும் ஒரு கருத்து உண்டு. மேலே பார்த்த ஏற்றக் கணக்கை இதற்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். அப்போது சேகரிப்பான் 5 வோல்ற்றில் அசையாமல் நிற்கும். ஆனால் காலியின் வோல்ற்றளவு எழும்போது, அதனோடு அடியும் அதே அளவு எழுந்தாக வேண்டும். ஆகவே சேகரிப்பான்–அடிச் சந்தியின் வோல்ற்றளவு முன்போலவே முழு வீச்சுக்கு மாறுகிறது. அதற்கான ஏற்றத்தைத் தருவதும் அதே சிறிய ஒளிமின்னோட்டம்தான். வெளியீடு தலைகீழாகுமே தவிர, வேகத்தில் பெரிய ஆதாயம் இல்லை.

அப்படியானால், சந்தியின் வோல்ற்றளவை மாறவிடாமலே வெளியீட்டில் பெரிய வீச்சைப் பெற முடியுமா? முடியும். இக்கட்டுரையில் நான் மிகவும் பரிந்துரைக்கும் சுற்று இதுவே; இதைக் கஸ்கோட் இணைப்பு என்பர். இதற்கு மேலதிகமாக வேண்டியது 2என்3904 போன்ற சாதாரண திரான்சிற்றர் ஒன்றும் சில தடையிகளும்தான். ஒளித்திரான்சிற்றரின் காலி முன்போலவே பூச்சியக் கம்பிக்குப் போகிறது. அதன் சேகரிப்பானை நேரே தடையிக்குக் கொண்டுசெல்லாமல், இரண்டாவது திரான்சிற்றரின் காலியுடன் இணைக்க வேண்டும். இரண்டாவதன் சேகரிப்பானிலிருந்து 10 கிலோஓம் தடையி 5 வோல்ற்றுக்குச் செல்கிறது. வெளியீடு அங்கேயே எடுக்கப்படுகிறது. இரண்டாவதன் அடியை நிலையான வோல்ற்றளவில் பிடித்துவைக்க வேண்டும்: வழங்கலிலிருந்து 6.8 கிலோஓமும், அங்கிருந்து பூச்சியத்துக்கு 3.3 கிலோஓமும் இட்டால் நடுவில் ஏறத்தாழ 1.6 வோல்ற்று கிடைக்கும். அந்த நடுப்புள்ளியிலிருந்து பூச்சியத்துக்கு 100 நனோபரட் கொள்ளளவி ஒன்றையும் இட்டுவிட வேண்டும்.

அடி 1.6 வோல்ற்றில் நிலைத்திருப்பதால், இரண்டாவதன் காலி அதைவிட ஏறத்தாழ 0.6 வோல்ற்று கீழே, அதாவது 1 வோல்ற்றளவில் நிற்கும். மின்னோட்டம் பத்து மடங்கு மாறினாலும் அந்த இடத்தின் வோல்ற்றளவு ஏறத்தாழ 60 மில்லிவோல்ற்றுத்தான் மாறும். திரான்சிற்றரின் அடி–காலிச் சந்தியின் இயல்பு அது. முன்பு 5 வோல்ற்று ஆடிய ஒளித்திரான்சிற்றரின் சேகரிப்பான் இப்போது ஏறத்தாழ 100 மில்லிவோல்ற்று மட்டுமே ஆடுகிறது. ஆடும் வீச்சுப் பல பத்து மடங்கு குறைந்ததால், அதற்கு வேண்டிய ஏற்றமும் அதே அளவு குறைகிறது. 50 மைக்ரோசெக்கனாக இருந்த பிந்துகை, இந்தக் காரணத்தைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டு மைக்ரோசெக்கனாகச் சுருங்குகிறது. பெரிய வீச்சு இரண்டாவது திரான்சிற்றரின் சேகரிப்பானில் நிகழ்கிறது. அதன் அடி நிலையான வோல்ற்றளவுடன் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், அங்குள்ள சில பிக்கோபரட் கொள்ளளவம் பீற்றாவால் பெருக்கப்படுவதில்லை. தடையியின் பெறுமானத்தைக் குறைக்காமலும், ஒளியைக் கூட்டாமலும் இந்த வேகம் கிடைக்கிறது என்பதே இச்சுற்றின் சிறப்பு.

இதைக் கட்டும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, அடி வோல்ற்றளவை 2.5 போன்ற உயர்ந்த பெறுமானத்தில் வைத்தால், வெளியீடு ஏறத்தாழ 2 வோல்ற்றுக்குக் கீழே இறங்காது. ஆர்டுயினோ அதைத் தாழ்நிலையாக ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை. மேலே தந்த பெறுமானங்களில் வெளியீடு 1.2 வோல்ற்று வரை இறங்கும், அது போதும். மற்றையது, முழு இருளில் மின்னோட்டம் ஏறத்தாழப் பூச்சியமாகிவிடுவதால், இரண்டு திரான்சிற்றர்களும் சந்திக்கும் புள்ளி பிடியின்றி மேலே நகரும். மீண்டும் ஒளி வரும்போது அதைக் கீழே இழுக்க நேரம் செலவாகும். அப்புள்ளியிலிருந்து பூச்சியத்துக்கு 100 கிலோஓம் தடையி ஒன்றை இட்டால், எந்நேரமும் ஏறத்தாழ 10 மைக்ரோஅம்பியர் பாய்ந்துகொண்டிருக்கும். புள்ளி தன் இடத்தில் நிற்கும். இதனால் வெளியீட்டின் உயர்நிலை 0.1 வோல்ற்று மட்டுமே குறையும்.

கஸ்கோட்டினாலும் நீக்க முடியாத பிந்துகை ஒன்று எஞ்சும். அடிக்கும் காலிக்கும் இடையிலும் கொள்ளளவம் உண்டு. ஒளிமின்னோட்டம் அதையும் நிரப்ப வேண்டும். இதற்கான நேரம் வெளித் தடையியைப் பொறுத்ததல்ல. பாயும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் குறையக் குறைய இந்த நேரம் நீளும். 10 மைக்ரோஅம்பியரில் பத்துக்கணக்கான மைக்ரோசெக்கன்கள் எடுக்கும் அதே உறுப்பு, 1 மில்லிஅம்பியரில் சில மைக்ரோசெக்கன்களிலேயே பதிலளிக்கக் கூடும். ஆகவே ஒளி முற்றாக அணைந்துவிடாமல், பின்னணியில் சிறிதளவு நிலையான ஒளி எப்போதும் விழும்படி விடுவது உண்மையில் உதவுகிறது: அடி முழுதும் வெறுமையாவதில்லை, அடுத்த துடிப்பு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். வெயிலால் வரும் நிரம்பலையும் இந்த அளவான பின்னணி ஒளியையும் ஒன்றாக எண்ணிக் குழம்பக் கூடாது. முன்னையது கெடுதி, பின்னையது கருவி.

அடியின் கம்பி வெளியே தரப்பட்டுள்ள 4என்35 போன்ற ஒளியிணைப்பிகளில் இன்னுமொரு வழி உண்டு. ஆறாம் முனையான அடிக்கும் நான்காம் முனையான காலிக்கும் இடையே சில நூறு கிலோஓம் தடையியை இணைத்தால், ஒளி மறைந்த பின் தேங்கிய ஏற்றம் வெளியேறத் தனி வழி கிடைக்கிறது. தடையைக் குறைக்கக் குறைக்க அணையும் நேரம் சுருங்கும். ஆனால் ஒளிமின்னோட்டத்தின் ஒரு பங்கு அவ்வழியே வீணாவதால் நயமும் குறையும். பி.சி.817 இல் நான்கு முனைகளே உள்ளன, அடி வெளியே வருவதில்லை. அதற்கு இந்த வழி பயன்படாது. வழங்கல் வோல்ற்றளவை 5 இலிருந்து 12 இற்கு உயர்த்தினால் சந்திக் கொள்ளளவம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும், ஆனால் ஆர்டுயினோவுக்கு முன் வோல்ற்றளவை மீண்டும் இறக்க வேண்டிவரும் என்பதால் தொடக்கநிலையில் இதை நான் பரிந்துரைக்கவில்லை.

செயற்பாட்டு விரியலாக்கியைக் கொண்டும் சேகரிப்பானின் வோல்ற்றளவை அசையாமல் பிடிக்கலாம். ஆனால் கடைகளில் இலகுவாகக் கிடைக்கும் எல்.எம்.358 இன் வெளியீடு ஒரு மைக்ரோசெக்கனில் ஏறத்தாழ 0.3 வோல்ற்றுத்தான் நகரும். 3 வோல்ற்று நகர 10 மைக்ரோசெக்கன் போய்விடும். வேகத்துக்காகச் சேர்த்த உறுப்பே வேகத்தைத் தடுக்கும் நிலை அது.

சில தேவைகளுக்கு ஒளித்திரான்சிற்றரே பொருத்தமற்றது. தொலைக்காட்சி ரிமோட்டின் கதிர் பெரும்பாலும் செக்கனுக்கு 38,000 முறை துடிக்கிறது. அதன் முழுக்காலம் 26 மைக்ரோசெக்கன் மட்டுமே. இத்தகைய இடங்களில் நயமில்லாத ஒளி இருவாயியையும், அதற்குப் பின்னால் தனியான விரியலாக்கியையும் வைப்பதே முறை. பி.பி.டபிள்யூ.34 என்ற ஒளி இருவாயியின் எழும் நேரம், 1 கிலோஓம் தடையுடனும் 10 வோல்ற்றுப் பின்முகக் கோடலுடனும் (அதாவது, இருவாயி கடத்தாத திசையில் 10 வோல்ற்றைக் கொடுத்து), 100 நனோசெக்கன், அதாவது ஒரு மைக்ரோசெக்கனின் பத்திலொரு பங்கு. மின்னோட்டம் மிகச் சிறியதாக இருக்கும் என்பதே அதற்கான விலை.

வேகம் வேண்டாத இடங்களும் உண்டு என்பதையும் மறக்கலாகாது. இரணைமடுக் குளத்தின் வாய்க்காலொன்றில் நீரோட்டத்தை அளக்கச் சிறு காற்றாடி போன்ற சுழலியை நீருள் வைத்து, அதன் சுற்றுகளை ஒளியால் எண்ணுவதாகக் கொள்வோம். அது செக்கனுக்குச் சில சுற்றுகளே சுற்றும். அங்கே 100 கிலோஓம் தடையியே சிறந்தது. 10 கிலோஓம் சுற்றைவிட அது பத்திலொரு பங்கு மின்னோட்டத்தையே எடுக்கும், குறைந்த ஒளியே போதுமென்பதால் எல்.இ.டி.யின் மின்னோட்டத்தையும் குறைக்கலாம், பற்றரி நெடுநாள் நிற்கும். தேவையான மீடிறனைக் கணித்த பின்னரே தடையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

சுற்றைக் கட்டிய பின், அலைவுகாட்டி இல்லாவிட்டாலும் அதன் வேகத்தைச் சோதிக்கலாம். ஆர்டுயினோவின் ஒரு முனையிலிருந்து 330 ஓம் தடையியினூடாக எல்.இ.டி.யை இணைத்து, டோன் கட்டளையால் அதைத் தெரிந்த மீடிறனில் துடிக்கச் செய்யுங்கள். ஒளித்திரான்சிற்றர்ச் சுற்றின் வெளியீட்டை 2 என்று இலக்கமிடப்பட்ட முனைக்குக் கொண்டுவந்து, அங்கு நிகழும் இறங்கும் விளிம்புகளை இடைமறிப்பு (இன்ரரப்ற்) மூலம் ஒரு செக்கனுக்கு எண்ணி, கணினித் திரையில் காட்டச் செய்யுங்கள். 500 ஹேர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினால், அனுப்பியதும் எண்ணியதும் ஓரிடம் வரை ஒத்திருந்து, பின் பிரியும். பிரியும் அந்த மீடிறன்தான் உங்கள் சுற்றின் எல்லை. 100 கிலோஓம், 10 கிலோஓம், 1 கிலோஓம், கஸ்கோட் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் அடுத்தடுத்துச் சோதித்துக் குறித்துவைத்தால், மேலே சொன்ன சமன்பாடு எண்களாகக் கண்முன் நிற்கும்.

ஆலையில் பொருத்துவதற்கு முன் இன்னொரு சோதனையும் அவசியம். அரிசி ஆலையின் உமித்தூசும் தவிட்டுத்தூசும் நாளடைவில் எல்.இ.டி.யின் முகத்தில் படிந்து ஒளியைக் குறைக்கும். ஒளி குறைந்தால் வெளியீட்டின் வீச்சுக் குறையும், மின்னோட்டம் குறைவதால் வேகமும் குறையும். எல்.இ.டி.க்கும் ஒளித்திரான்சிற்றருக்கும் இடையே மெல்லிய ரிசுத்தாள் ஒரு படையை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தாளுடனும் சுற்று 3000 ஹேர்ட்ஸ் வரை ஒன்றும் தவறாமல் எண்ணினால், 1440 துடிப்புக்கு இரட்டிப்புக்கு மேலான இடம் இருக்கிறது. சுற்றைப் பிரெட்போர்டிலிருந்து எடுத்துப் பலகையில் பற்றவைக்கலாம். எண்ணாவிட்டால், தடையைப் பாதியாக்குங்கள் அல்லது எல்.இ.டி.யின் மின்னோட்டத்தைக் கூட்டுங்கள், பின்னர் தாளை வைத்தபடியே மீண்டும் எண்ணிப் பாருங்கள்.